கட்டுபெத்தையின் புத்தாக்கங்களும் நம் பரிசுப் பட்டியலும்

நூற்றாண்டு மலர் ஒன்றை விரித்தால் முதலில் கண்ணில் படுபவை பெயர்ப் பட்டியல்கள்தாம். அதிபர்கள், சங்கத் தலைவிகள், மாணவத் தலைவிகள், பல்கலைக்கழகம் புகுந்தோர், பரிசு பெற்றோர் என அவை நீளும். நம் மலரும் அதற்கு விலக்கல்ல. அப்படி இருப்பதே முறை. ஆயினும் புதிதாக ஒன்றை ஆக்கியவர், பழைய வேலையைச் செவ்வையாகச் செய்ய வழி கண்டவர் என்றொரு பட்டியலை எந்தப் பாடசாலை மலரிலும் நாம் கண்டதில்லை. பரிசளிப்பு விழாவில் புள்ளிக்குப் பரிசு உண்டு, நன்னடத்தைக்கு உண்டு, ஒழுங்கான வரவுக்கும் உண்டு. புத்தாக்கத்துக்கு நம் மேடையில் பரிசு இருந்ததில்லை.

இந்தக் குறை பாடசாலைகளுக்கு மட்டும் உரியதன்று. பல்கலைக்கழகங்களிலும் புத்தாக்கத்துக்குக் கிடைத்த அங்கீகாரம் பல வேளை பிந்தியே வந்தது; சிலரை அது தவறவும் விட்டது. அந்தக் கதையை அறிய நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. இரத்மலானையிலிருந்து காலி வீதி வழியே தெற்கு நோக்கி 101ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் சற்று நேரத்தில் கட்டுபெத்தை. அங்கேதான் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

கட்டுபெத்தை

தொழில்நுட்பம் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1935இல் சென்னையிலிருந்து வந்த சிறு விமானம் ஒன்று இறங்கியதோடு இரத்மலானை விமான நிலையத்தின் வரலாறு தொடங்குகிறது. புகையிரதத் திணைக்களத்தின் பெரிய வேலைத்தளமும் இங்கேயே உள்ளது. இவற்றின் அயலிலே, 1960இல், கனடாவின் உதவியோடு செயன்முறைத் தொழில்நுட்ப நிறுவகம் ஒன்று தொடங்கப்பட்டது. 1966இல் அது இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரி ஆயிற்று. 1972இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கட்டுபெத்தை வளாகமாகி, 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாகத் தனித்து நின்றது.

தொழில்நுட்பவியலாளரைப் பயிற்றத் தொடங்கிய இடம் 18 ஆண்டுகளில் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. வேந்தராக யாரை அமர்த்துவது என்பதிலும் அதன் போக்குத் தனியாகவே இருந்தது. 1979 முதல் 2002 வரை வேந்தராக இருந்தவர் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க். பூமியின் சுழற்சியோடு ஒத்துச் செல்லும் செய்மதிகள் மூலம் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945இலேயே எழுதியவர் அவர். அவருக்குப் பின் 2007 வரை அப்பதவியை வகித்தவர் ரே விஜேவர்தன. இருவருமே பேராசிரியர்கள் அல்லர்.

லான்ட்மாஸ்ரர்

ரே விஜேவர்தன என்ற பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் லான்ட்மாஸ்ரரைத் தெரியாதவர் வடக்கிலோ கிழக்கிலோ உறவு உள்ள எவரும் இரார். இரண்டு சக்கரம், நீண்ட கைபிடி, பின்னால் கொழுவிய பெட்டி. வயலை உழுததும் அதுதான், சந்தைக்கு மரக்கறி ஏற்றியதும் அதுதான். இடப்பெயர்வுக் காலங்களில் பாயும் பானையும் கிழவியும் குழந்தையுமாகக் குடும்பங்களை ஏற்றிச் சென்றதும் அதுதான். வேறு கம்பனிகளின் இயந்திரங்கள் வந்த பின்னரும் நம் சனங்கள் அந்தப் பெயரையே சொல்லி வந்தார்கள்.

1950களில் அந்த இரு சக்கர உழவு இயந்திரத்தை வடிவமைத்தவர் விஜேவர்தன. கேம்பிரிட்ஜில் பொறியியல் கற்றவர். இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் அது உற்பத்தியாயிற்று. 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டத்தில் இலங்கைக்காகப் போட்டியிட்டார். சிறு விமானங்களைத் தாமே கட்டிப் பறந்தார்.

அவரை நாம் மதிப்பது இவற்றுக்காக மட்டுமல்ல. 1960களில் அமெரிக்காவின் ஹார்வர்டில் தம் இயந்திரத்தைப் பற்றி அவர் பேசியபோது சபையிலிருந்து ஒரு கேள்வி எழுந்தது: அவர் இயந்திரமாக்கியது விவசாயத்தையா, எருமை மாட்டையா? அந்தக் கேள்வியை அவர் மறக்கவில்லை. எருமை எரிபொருள் கேட்பதில்லை, பால் தருகிறது, எருத் தருகிறது, கன்றும் ஈனுகிறது. உழவையே குறைத்து மண்ணைக் காக்கும் முறைகளைத் தேடி அவர் பின்னர் நைஜீரியாவின் இபாடானில் உள்ள ஆய்வு நிலையத்தில் பணியாற்றினார். யாழ்ப்பாணத்து வேலிகளில் நிற்கும் சீமைக்கிளுவையைப் பசளைக்கும், மின்சாரம் எடுக்கும் விறகுக்கும் பயன்படுத்தலாம் என்று இறுதிவரை வற்புறுத்தினார். 2010இல் அவர் காலமானபின் அவர் பெயரிலான நம்பிக்கை நிதியம் புத்தாக்கத்துக்கு விருது வழங்கி வருகிறது.

மின்னஞ்சல் வந்த வழி

1990ஐ நம்மில் பலர் தபாற்காரரை எதிர்பார்த்திருந்த ஆண்டாகவே நினைவில் வைத்திருக்கிறோம். கனடாவுக்கும் ஜேர்மனிக்கும் போன அண்ணன்மாரின் கடிதம் வந்து சேர வாரக்கணக்காகும். வெளிநாட்டு அழைப்பு எடுக்கத் தொலைத்தொடர்பு நிலையத்தில் காத்திருக்க வேண்டும். அதே ஆண்டில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவவின் முன்முயற்சியால் ‘லேர்ன்’ என்னும் கல்வி ஆய்வு வலையமைப்பின் மின்னஞ்சற் சேவை தொடங்கியது. தனிக்கம்பி கிடையாது. கடிதங்களைக் கணனியில் சேர்த்துவைத்து, தொலைபேசி இணைப்பு எடுத்து, மொத்தமாக அனுப்பிப் பெறும் முறை. இருந்த வசதிக்குள் பல்கலைக்கழகங்களை ஒன்றோடொன்று பிணைத்த வேலை அது. வர்த்தக இணையச் சேவை நாட்டுக்கு வந்தது 1995இல்தான்.

அந்தப் பணியின் தொடர்ச்சியை நாம் இன்றும் காண்கிறோம். ‘எல்கே’ என முடியும் இணைய முகவரிகளின் பதிவகம் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தை இருப்பிடமாகக் கொண்டு வளர்ந்தது. பேராசிரியர் கிகான் டயஸ் அதனை முன்னின்று நடத்தினார். 2010இல் ‘இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் முகவரிக்கும் வழி திறந்தது. உலகெங்கும் சிதறியிருக்கும் பழைய மாணவியர் இன்று ஒரே குழுவில் பேசிக்கொள்கிறோம் என்றால் அதற்கு முன்னே இப்படியொரு தொடக்கம் இருந்தது.

மாணவர் கைவேலை

2004 டிசெம்பர் 26இல் கடற்கோள் வந்த சில நாட்களுக்குள், காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் பதிவு செய்ய ‘சகானா’ என்ற மென்பொருளை இலங்கை இளைஞர்கள் ஆக்கத் தொடங்கினார்கள். யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள் அது. பின்னர் வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. சமூக நன்மைக்கான 2006ஆம் ஆண்டு விருதை அதற்கு வழங்கியது அமெரிக்காவில் இயங்கும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை. அதேபோல, கூகிள் நிறுவனம் 2021 வரை மாணவர்களுக்காக நடத்திய கோடைகால மென்பொருள் திட்டத்தின் முதற் பத்தாண்டில், உலகிலேயே மிக அதிகமான மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் மொறட்டுவை. நம் நாட்டு வீடுகளில் இதை அறிந்தவர் எத்தனை பேர்? வெளியூர் கைதட்டிய பின்பே நம் பிள்ளைகளின் திறமை நமக்குக் கேட்கிறது.

மூன்றாவது பெயர்

மாணவர், ஆசிரியர் என்ற இரு பக்கமும் சொன்னோம். பல்கலைக்கழகத்தில் மூன்றாவது ஒரு பக்கம் உண்டு. ஆய்வுகூட உதவியாளர், தொழில்நுட்பவியலாளர், நூலக ஊழியர், சிற்றூழியர். மருத்துவத் துறைக்குச் சென்ற நாங்கள் இந்த மூன்றாவது பக்கத்தை எண்ணும்போதெல்லாம் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒன்றையே நினைப்போம்.

இருதயக் குறைபாட்டோடு பிறந்து உடல் நீலம் பாரித்துப்போகும் குழந்தைகளுக்கு அக்காலத்தில் சிகிச்சை இல்லை. நுரையீரலுக்குக் கூடுதலான இரத்தம் போக ஒரு வழி சமைத்தால் அவர்கள் பிழைப்பார்களே என்று கேட்டவர் குழந்தை வைத்தியர் ஹெலன் ரோசிக். அவர் செவிப்புலன் குன்றியவர். குழந்தையின் நெஞ்சில் விரல் வைத்து இருதயத்தை அறிந்தவர். சத்திரசிகிச்சையைச் செய்தவர் அல்பிரட் பிளலொக். ஆனால் அதற்கு முன் ஆய்வுகூடத்தில் நாய்களில் மீண்டும் மீண்டும் செய்து பார்த்து முறையைச் சீராக்கியவர் விவியன் தோமஸ் என்ற கறுப்பின உதவியாளர். மருத்துவம் படிக்கச் சேமித்த பணத்தைப் பொருளாதார வீழ்ச்சியில் இழந்தவர் அவர். 1944 நவம்பர் 29இல் முதற் குழந்தைக்குச் சிகிச்சை நடந்தபோது, பிளலொக்கின் பின்னால் நின்று ஒவ்வொரு படியிலும் வழி சொன்னவர் அவரே.

அந்தச் சிகிச்சை பிளலொக், ரோசிக் என்ற இரு பெயர்களால் உலகப் புகழ் பெற்றது. தோமஸின் உருவப்படம் 1971இல் அங்கே மாட்டப்பட்டது. 1976இல் கௌரவ கலாநிதிப் பட்டம் கிடைத்தது. முப்பத்திரண்டு ஆண்டு சென்றது. இப்போது பலர் மூன்று பெயர்களையும் சேர்த்தே எழுதுகிறார்கள்.

பெண்களுக்குப் பிந்திய கணக்கு

நம் நாட்டிலும் இத்தகைய தாமதம் உண்டு. கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல் தொடங்கியது. பெண்களுக்கு 1892இல் கதவு திறந்தது. பொறியியலில் அந்தக் கதவு இன்னும் பிந்தியது. 1960இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடத்துக்குள் பிரேமளா சிவப்பிரகாசபிள்ளை நுழைந்தபோது அவரது வகுப்பில் வேறு பெண் இல்லை. நாட்டின் முதற் பெண் பொறியியலாளராகி, ஒக்ஸ்போர்டில் மேற்படிப்பு முடித்து, கட்டிடத் துறையில் பணியாற்றினார். மாற்றத்தை ஏற்படுத்திய பன்னிரண்டு பெண்களுள் ஒருவராகப் பாராளுமன்றம் அவரைக் கௌரவித்தது 2019இல். இடையில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள். அவரைப் பற்றி நமக்குப் பத்தாம் வகுப்பில் யாரேனும் சொல்லியிருந்தால், கணிதம் நன்றாக வந்தும் ‘அது பொடியன்மாரின் படிப்பு’ என்று ஒதுங்கிய நம் தோழியரில் ஓரிருவராவது கட்டுபெத்தைக்குப் போயிருப்பர்.

நம் பரிசு

அங்கீகரிக்க நாட்டில் ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த புத்தாக்குநர் ஆணைக்குழு இருக்கிறது. அது நடத்தும் ‘சஹசக் நிமவும்’ போட்டியில் பாடசாலை மாணவருக்கும் இடம் உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கவுரிமைக்கு இருபது ஆண்டுக் காலம் தருகிறது. ஆயினும் சட்டமும் ஆணைக்குழுவும் ஒரு வகுப்பறைக்குள் நடப்பதைக் காணமாட்டா. அதைக் காணக்கூடியவர்கள் அங்கே இருப்பவர்கள்தாம்.

ஆகவே நூற்றாண்டு நிதியிலிருந்து ஆண்டுதோறும் ஒரு புத்தாக்கப் பரிசு வழங்கப்பட வேண்டும் என்று இம்மலர் வாயிலாகச் சங்கத்தை நாம் கேட்கிறோம். அதற்கு நான்கு நிபந்தனைகள் வேண்டும். மாணவி, ஆசிரியை, ஆய்வுகூட உதவியாளர், சிற்றூழியர் என எவரும் விண்ணப்பிக்கலாம். கேட்டவர், செய்தவர், உதவியவர் எல்லோரின் பெயரும் கேடயத்தில் பொறிக்கப்பட வேண்டும். பரிசு பெற்ற ஆக்கம் பத்து ஆண்டு கழித்து மீண்டும் பார்க்கப்பட வேண்டும். விஜேவர்தன தம் இயந்திரத்தைப் பார்த்தது போல. பரிசு அந்த ஆண்டிலேயே கொடுக்கப்பட வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள். உடைந்த கண்ணாடிக் குழாயைக் கொண்டு பரிசோதனை காட்டிய ஆசிரியை, பழைய பத்திரிகைத் தாளில் படம் ஒட்டிப் பாடம் தந்தவர், மழை ஒழுகும் அறையில் புத்தகங்களைக் காக்க வழி கண்ட ஊழியர், இப்படி யாரேனும் உங்கள் நினைவில் இருந்தால் பெயர், ஆண்டு, செய்த வேலை மூன்றையும் எழுதிச் சங்கச் செயலாளருக்கு அனுப்புங்கள். ரொறன்ரோவிலோ சிட்னியிலோ வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருக்கும் மூத்த அக்காமாரிடம் தங்கைமார் தொலைபேசியில் கேட்டு எழுதுங்கள். எழுபதைத் தாண்டியவர்களிடம் முதலில் கேளுங்கள். அவர்களுக்கு மட்டுமே தெரிந்த பெயர்கள் இன்னும் பல உண்டு.