மிதிவண்டிக்கு ஒரு மோட்டார்

கைவசமுள்ள மிதிவண்டியிலேயே ஒரு மோட்டாரைப் பொருத்திக்கொள்வது லாபமா, நஷ்டமா? மின்கலத்தால் இயங்கும் மோட்டார்கள் கடைக்கு வந்துவிட்ட இந்நாளில், பிழைப்பின் நிமித்தம் வெளி மாநில நகரங்களில் குடியேறி, அறைக்கும் ஆலைக்கும் இடையே அன்றாடம் மிதித்துச் செல்லும் நம்மவர் பலர் இதைக் கேட்கிறார்கள். கேள்வி புதிதன்று. இரண்டாம் உலக யுத்தம் ஓய்ந்தவுடனேயே எழுந்த கேள்விதான் இது.

1946-ஆம் ஆண்டில் ஜப்பானின் ஹமாமட்சு நகரில் ஸோயிச்சிரோ ஹோண்டா ஒரு சிறு பட்டறை தொடங்கினார். தோற்றுப்போன தேசம், ரயிலில் தாளாத நெரிசல், பெட்ரோலுக்குப் பங்கீடு. ராணுவத்தின் கம்பியில்லாத் தந்திக் கருவிகளுக்கு மின்சாரம் தந்த சிறு யந்திரங்கள் வேலையற்றுக் கிடந்தன. அவற்றில் ஒன்றை அவர் மிதிவண்டியில் பொருத்தினார். முதல் வண்டிக்கு எண்ணெய்த் தொட்டியாக வாய்த்தது, குளிர்காலத்தில் படுக்கையில் வைத்துக்கொள்ளும் வெந்நீர்க் குப்பி! ஓட்டிப் பார்த்தவர்களுள் அவர் மனைவி ஸாச்சியும் ஒருவர். பெட்ரோல் போதாமல், பைன் மரத்தின் வேரிலிருந்து வடித்த எண்ணெயையும் கலந்து ஓட்டினார்கள். கிடைத்த யந்திரங்கள் சுமார் 500. அத்தனையும் விற்றுத் தீர்ந்தன.

பின்னர் அவர் சொந்தமாகவே யந்திரம் செய்தார். 1952-இல் வெளிவந்த 'கப்' என்ற மோட்டார் பின்சக்கரத்தின் பக்கத்தில் மாட்டத்தக்கது; அட்டைப் பெட்டியில் அடைத்து அனுப்பப்பட்டது. அவருடைய கூட்டாளி ஃபுஜிஸாவா, நாடெங்கிலும் இருந்த 50,000 சைக்கிள் கடைகளுக்குக் கடிதம் எழுதியே அதற்குச் சந்தை பிடித்தார்.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். இத்தாலியில் 'குச்சியோலோ', அதாவது 'நாய்க்குட்டி', என்ற மோட்டாரைச் செய்த டுகாட்டி கம்பெனி, 1926-இல் வானொலி உறுப்புகள் செய்யத் தொடங்கிய கம்பெனி. இங்கிலாந்தில் 1950-இல் வந்த 'சைக்கிள்மாஸ்டர்', பின்சக்கரத்துக்குள்ளேயே அமைந்த 25.7 கன சென்டிமீட்டர் யந்திரம். அதைச் செய்தது இசைத்தட்டுக்குப் பேர்போன இ.எம்.ஐ. கம்பெனியின் தொழிற்சாலை. வானொலிக்கும் இந்த மோட்டாருக்கும் அப்படி என்ன பூர்வஜன்ம பந்தமோ!

இத்தனை ஆரவாரத்துடன் வந்தவை சுமார் பத்தாண்டுகளில் மங்கிப்போயின. காரணம் மோட்டார் அன்று, மிதிவண்டி. மனிதன் மிதிக்கும் வேகத்துக்கென்று செய்த சட்டமும் கம்பிகளும் பிரேக்கும் அதற்கு மேல் தாங்குவதில்லை. 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியை 30-இல் செலுத்தினால், அதை நிறுத்தப் பிரேக் செய்யவேண்டிய வேலை இரு மடங்கு அன்று, நான்கு மடங்கு. மழை நாளில் அந்தப் பழைய ரப்பர்க் கட்டைகள் என்ன செய்யும்? ஹோண்டாவே 1949-இல் தனிச் சட்டம் அமைத்த வண்டிக்கு வந்துவிட்டார். 1958-இல் யந்திரமும் உடலும் ஒன்றாகத் திட்டமிடப்பட்டுப் பிறந்த 'சூப்பர் கப்', 2017-இல் பத்துக் கோடியைத் தாண்டியது. நம் நாட்டிலும் 1972-இல் வந்த லூனா, 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 ஆகியவற்றில் மிதிகட்டை இருந்ததேயன்றி, அவை மோட்டார் ஒட்டிய மிதிவண்டிகள் அல்ல.

ஆகவே, ஏற்கெனவே திடமான வண்டி உள்ளவர், மிதிக்கும் வேகத்தையே களைப்பின்றிப் பெற விரும்பினால், மோட்டார் லாபமே என்பது என் கருத்து. ஸ்கூட்டருக்குப் பதிலாக எண்ணி வாங்குபவர் ஏமாறுவார். சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனம் ஆகாதிருக்க வேண்டுமானாலும், சக்தி 250 வாட்டையும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரையும் எட்டலாகாது. மோட்டாருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை முதலில் பிரேக்குக்கும் பின்சக்கரக் கம்பிகளுக்கும் செலவிடுவது நல்லது. இன்றைய மின் மோட்டாரும் பெரும்பாலும் அமர்வது, 1950-இல் சைக்கிள்மாஸ்டர் அமர்ந்த அதே சக்கரக் குடத்தில்தான்.