செப்புத் தகடு சொன்ன சாட்சி!

வரலாற்றை எழுதி வைத்தோர் யார்? பெரும்பாலும் வென்றவர்களே! வென்றவன் அரண்மனையிலே எழுதுகோலுக்குப் பஞ்சமில்லை, தூரிகைக்கும் பஞ்சமில்லை. குதிரைமீது வீற்றிருக்கும் தளபதியை, வானத்துத் தேவதைகள் வாழ்த்துவதுபோலத் தீட்டித்தர ஆளுண்டு. ஆனால், தோற்றுப்போன தெருவுக்கு யாருண்டு? கையிலே துப்பாக்கியும் வயிற்றிலே பசியுமாய்க் கல்லடுக்கிக் காவல் நின்று மடிந்த தொழிலாளிக்கு ஓவியன் ஏது? கல்வெட்டுத்தான் ஏது?

1848-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், பாரிசு நகரத்துத் தெரு ஒன்றுக்கு எதிர்பாராத சாட்சி ஒன்று கிடைத்தது. அதைத் தந்தவர் அரசாங்கத்து ஓவியர் அல்லர். படம் பிடிப்பதைப் பிழைப்பாகக் கொண்டவரும் அல்லர். ஆர்வத்தால் அக்கலையைப் பழகிய திபோ என்னும் குடிமகன்.

அந்த ஆண்டின் கதையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பிப்ரவரி 24-ஆம் நாள் மன்னன் லூயி பிலிப் முடி துறந்தான். குடியரசு பிறந்தது. ஆடவர் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. ‘உழைக்க விரும்புவோருக்கு வேலை தருவோம்’ என்று புதிய அரசு உறுதி கூறிற்று; தேசியத் தொழிற்கூடங்களை அமைத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவற்றிலே பெயர் பதிந்தனர். நான்கே திங்கள்! வாக்குறுதி கசந்தது. செலவு மிகுகிறது என்றனர் செல்வர். சோம்பேறிகளின் கூடாரம் என்றனர் சீமான்கள். இளைஞர்கள் படையிலே சேரட்டும், மற்றவர்கள் வெளிமாவட்டங்களுக்குப் போகட்டும் என்று ஜூன் 21-ஆம் நாள் ஆணை பிறந்தது. 23-ஆம் நாள் கிழக்குப் பாரிசின் தெருக்களிலே தடுப்பரண்கள் எழுந்தன. மறுநாளே அதிகாரம் அனைத்தும் தளபதி கவெஞ்யாக் கையிலே ஒப்படைக்கப்பட்டது. மன்னனை விரட்டிய மக்கள்மீது, மக்களின் பெயரால் ஆண்ட குடியரசே பீரங்கியைத் திருப்பியது!

அந்த நாட்களிலேதான், தெருவை மேலிருந்து நோக்கும் சாளரம் ஒன்றிலே திபோ தம் கருவியை நிறுத்தினார். ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, ஒரு படம். லமொரிசியேர் தலைமையிலே படைகள் தாக்கிய பின்னர், 26, திங்கட்கிழமை, இன்னொரு படம். அதே தெரு, ஆனால் இரண்டு உலகம்! முதற் படத்திலே தெருவுக்குக் குறுக்கே, பெயர்த்தெடுத்த பாதைக் கற்களால் ஆன அரண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. தெருவோ வெறிச்சோடிக் கிடப்பதுபோலத் தோன்றுகிறது. இரண்டாவது படத்திலே அரண்கள் காவலிழந்தன. படையும் பீரங்கியும் தெருவை நிறைத்துவிட்டன.

முதற் படத்திலே போராடியவர் எங்கே? அங்கேதான் அறிவியலை நாட வேண்டும். 1839-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட டாகேரின் முறை அது. வெள்ளிப் பூச்சிட்ட செப்புத் தகட்டை அயோடின் ஆவியிலே காட்டி, கருவிக்குள் வைத்து ஒளி பட விட்டு, பின்னர்ப் பாதரச ஆவியால் உருவத்தை வெளிக்கொணர வேண்டும். தகட்டின்மீது நெடுநேரம் ஒளி விழுந்தாக வேண்டும். நிற்பது பதியும்; அசைவது மங்கும். எனவே, கல் பதிந்தது; கல்லை அடுக்கிய கை மறைந்தது! இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறித் தெரிவதும் அம்முறையின் இயல்பு. ஒரு தகட்டுக்கு ஒரே படம், படியெடுக்க வழியில்லை.

ஆகவே, நிழற்படம் உண்மையைக் காட்டும். முழு உண்மையையும் காட்டாது. வெறிச்சோடிய தெருவென நம்புவோன் ஏமாறுவான். கருவியின் இயல்பை அறிந்தவனே, கண்ணுக்குத் தெரியாத மனிதரையும் அங்கே காண்பான்.

‘லில்லுஸ்த்ராசியோன்’ என்னும் வார ஏடு, அவ்விரு தகடுகளையும் பார்த்து மரத்திலே செதுக்கச் செய்து, ஜூலைத் தொடக்கத்திலே அச்சிட்டு வெளியிட்டது. நிழற்படத்தைத் துணைகொண்டு செய்தியைச் சித்திரித்த முன்னோடி முயற்சிகளுள் அது ஒன்று. கிளர்ச்சியோ நசுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், ஏறத்தாழ 4,000 பேர் அல்ஜீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். தகடுகள் அழியவில்லை. பாரிசின் ஓர்சே அருங்காட்சியகம் அவற்றைக் காத்து வருகிறது.

இனி அதே நகரத்திலே, 23 ஆண்டுகள் கழித்து நடந்ததையும் கேளுங்கள். 1871-இல் பாரிசு மக்கள் தம்மைத் தாமே ஆண்ட 72 நாட்கள், கம்யூன் எனப் பெயர் பெற்றன. மே 16-ஆம் நாள், நெப்போலியனின் வெற்றிப் பெருமிதம் பேசிய வாந்தோம் தூண் வீழ்த்தப்பட்டது. அங்கே களிப்புடன் நின்று படமெடுத்துக்கொண்டனர் மக்கள். கம்யூன் வீழ்ந்தது. அந்தப் படங்களே, ஆட்களை அடையாளம் கண்டுபிடிக்கக் காவல்துறைக்குக் கருவியாயின! புன்னகையே குற்றச்சாட்டானது!

அதனினும் கொடிது ஒன்று. அப்பேர் என்னும் தொழில்முறைப் படக்காரர், நடிகர்களை நிறுத்திக் காட்சிகளை அமைத்தார். உண்மை மனிதரின் முகங்களை வெட்டி அவற்றிலே ஒட்டினார். ‘கம்யூனின் குற்றங்கள்’ எனப் பெயரிட்டு விற்றார். பிணைக் கைதிகள் கொல்லப்பட்டது உண்மைதான். ஆனால், அந்த நேரத்திலே அங்கே கருவி இல்லை. பின்னர்ப் புனைந்ததை, கண்ணாரக் கண்ட காட்சிபோல ஊரார்முன் நிறுத்தினார்.

சாளரத்தில் நின்றதும் கருவிதான். பொய்யைச் சமைத்ததும் கருவிதான். வேறுபாடு எங்கே? திபோவின் தகட்டைக் கருவியின் இயல்பு அறிந்து சோதிக்கலாம். நாள் உண்டு, இடம் உண்டு, முன்னும் பின்னும் உண்டு. அப்பேரின் படமோ சோதனையைத் தாங்காது. நம்பிக்கையை மட்டுமே கேட்கும்.

‘ஏட்டிலே எழுதியிருக்கிறது’ என்றால் ஏன், எவர் எழுதினார் எனக் கேட்கப் பழகிய தோழர்களே! ‘படத்திலே இருக்கிறது’ என்றாலும் அதே கேள்வியைக் கேளுங்கள். எடுத்தவர் யார்? எந்த நாள்? எவர் பயனுக்கு? படத்திலே விடுபட்டது எது? பொய்ப்படம் புனைவது முன்னைவிட எளிதாகிவிட்ட இக்காலத்திலே, இக்கேள்விகள் இல்லாத கண், கண்ணன்று!

உங்கள் தெருவிலே நடப்பதைப் படம் பிடியுங்கள். நாளையும் இடத்தையும் மறவாது குறித்து வையுங்கள். எளியவரின் முகத்தை எதிரிக்குக் காட்டிக் கொடுக்கக் கூடுமாயின், அந்தப் படத்தை வெளியிடாது காத்து வையுங்கள். தோற்ற தெருவுக்கும் வரலாறு உண்டு. அதை எழுத அரண்மனை ஓவியன் வரமாட்டான்!