ஒரு டொலருக்குக் கைமாறிய மருந்து

1922 ஜனவரி. நம் ரொறன்ரோ நகரின் பொது வைத்தியசாலையில் லெனர்ட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவன் எலும்பும் தோலுமாய்க் கிடந்தான். எடை 65 இறாத்தல். அவனுக்கு நீரிழிவு. அக்காலத்தில் இந்த வருத்தம் வந்த பிள்ளைகளுக்குப் பட்டினிச் சாப்பாடே வைத்தியம். அது மரணத்தைத் தள்ளிப்போட்டதேயன்றித் தடுக்கவில்லை.

நாம் உண்ணும் சோறும் பாணும் குளுக்கோஸாகி இரத்தத்தில் சேர்கின்றன. கணையத்தில் சுரக்கும் இன்சுலின், தசைக் கலங்களின் மேற்பரப்பில் ஒட்டி, சீனியை உள்ளே எடுக்கும்படி சொல்கிறது. இரத்தத்தில் மேலும் சீனி விடவேண்டாம் என்று ஈரலுக்கும் அறிவிக்கிறது. லெனர்டுக்கு வந்த முதலாம் வகை நீரிழிவில் இன்சுலின் ஏறக்குறைய அற்றுப்போகிறது. நம் குடும்பங்களில் அதிகம் காணும் இரண்டாம் வகையில், கலங்கள் அதன் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. நாளடைவில் சுரப்பும் குறைகிறது.

பிரெடெரிக் பான்ரிங் மெதடிஸ்த குடும்பத்தில் பிறந்தவர். 1921 கோடையில் அவரும் மாணவரான சார்ல்ஸ் பெஸ்டும், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மக்லியொட் கொடுத்த ஆய்வுகூடத்தில், நாய்களின் கணையத்திலிருந்து மருந்தெடுக்க முயன்றார்கள். 1922 ஜனவரி 11இல் லெனர்டுக்கு முதல் ஊசி போடப்பட்டது. மருந்து சுத்தமாக இல்லை. ஊசி போட்ட இடம் சீழ்கட்டியது. சீனி சிறிதளவே இறங்கியதால் நிறுத்திவிட்டார்கள். ஜேம்ஸ் கொலிப் அதை இரவுபகலாய்ச் சுத்திகரித்தார். 23ஆம் திகதி மறுபடியும் போட்டபோது சீனி இறங்கியது, பையன் தேறினான். மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

பான்ரிங், பெஸ்ட், கொலிப் ஆகிய மூவரும் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்கள். 1923இல் நோபல் பரிசு பான்ரிங்குக்கும் மக்லியொட்டுக்கும் மட்டுமே கிடைத்தது. பான்ரிங் தம் பணத்தில் பாதியைப் பெஸ்டுக்கும், மக்லியொட் தம் பங்கில் பாதியைக் கொலிப்புக்கும் கொடுத்தார்கள். அவர்களுக்குள் மனக்கசப்புகளும் இருந்தன. ஆனாலும் ஒருவர் விட்ட குறையை மற்றவர் நிறைவாக்கியதால்தான் அந்தப் பிள்ளை எழுந்தான்.

வாலிபத் தம்பி தங்கையரே, இன்சுலின் நீரிழிவை நீக்கிவிடுவதில்லை. அன்றன்றைக்குத் தேவையானதை அன்றன்றைக்குக் கொடுக்கிறது. “ஜெபம்பண்ணியாயிற்று, இனி ஊசி எதற்கு?” என்று வீட்டில் யாராவது கேட்டால், லெனர்டின் கதையைச் சொல்லுங்கள். முதலாம் வகை உள்ளவர் ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. ஊசி போடுவது அவிசுவாசமல்ல. தேவன் இந்த நகரத்தில் பலருடைய கைகளால் அருளிய உதவியை நன்றியோடு ஏற்றுக்கொள்வதும் ஸ்தோத்திரமே. அம்மம்மா ஊசி போடும் நேரத்தில் பக்கத்தில் இருங்கள். சபை விருந்தில் “ஒரு துண்டு கேக்தானே” என்று வற்புறுத்தாதிருங்கள்.