சொல்தா பென்ஷன் வந்துச்சு, பார்த்துக்க ஆள் வந்தாங்களா?

பாண்டிச்சேரிக்காரங்களுக்கு ‘சொல்தா’ங்கிற வார்த்தை புதுசில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, பென்ஷனோட ஊர் திரும்பினவங்களை அப்படித்தான் சொல்வோம். ஜூலை 14 அன்னைக்குக் கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்கிட்ட மெடல் குத்திக்கிட்டு நிற்கிற பெரியவங்களைப் பார்த்திருப்பீங்க. இன்னைக்கு அவங்க முதுமையிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்குவோம்.

1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. சட்டப்படி ஊர் கைமாறினது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். பிரெஞ்சுக் குடியுரிமையே வேணும்னு நினைச்சவங்க ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும்னு ஒப்பந்தத்தில் இருந்தது. அப்படிக் கொடுத்தவங்களில் சொல்தா குடும்பங்களும் உண்டு. கடல் தாண்டியும் பென்ஷன் வந்துச்சு.

ஆனா பென்ஷன் வேற, பராமரிப்பு வேற. 2002-ல் பிரான்ஸ் ஒரு உதவித்தொகை கொண்டுவந்தது. 60 வயசு தாண்டி, குளிக்க, உடுத்த, எழுந்து நடக்க அடுத்தவர் துணை தேவைப்படுறவங்களுக்கு. ஒரு குழு வீட்டுக்கே வந்து, எவ்வளவு துணை வேணும்னு கணக்கிடும். நிபந்தனை: பிரான்ஸில் குடியிருக்கணும். அதனால அதே பாஸ்போர்ட் வெச்சிருந்தாலும் பாண்டியில் இருக்கிறவருக்கு அது கிடையாது. பணத்தை அனுப்பலாம், வீட்டுக்கு வர்ற பணியாளரை அனுப்ப முடியுமா?

சரி, காப்பீடாவே போட்டா? ஜெர்மனி 1995-ல் தொடங்கினது. ஆள் வேணுமா, பணம் வேணுமான்னு அங்க குடும்பமே முடிவு பண்ணலாம். பார்த்துக்கிற உறவினருக்கு ஓய்வூதியச் சந்தாவும் கட்டுவாங்க. ஜப்பான் 2000-ல் தொடங்கினப்போ பணமாத் தர மறுத்துச்சு. பணம் கொடுத்தா மருமகள் தலையிலேயே வேலை விழும்னு அங்க பெண்கள் அமைப்புகள் வாதாடினாங்க. பிரீமியம் 40 வயசிலேயே ஆரம்பம்.

நம்ம நாட்டில் 70 தாண்டினவங்களுக்கு ஆயுஷ்மான் பாரத்தில் வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அது ஆஸ்பத்திரியில் சேர்ந்தா ஆகுற செலவுக்கு. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தப்புறம் படுக்கையில் திருப்பிப் படுக்க வைக்கிறது யாரு? பெரும்பாலும் வேலையை விட்டுட்டு வந்த மகளோ மருமகளோ.

மாசாமாசம் பென்ஷன் வந்த சொல்தா வீட்டிலயும் அந்த வேலையை யாரோ ஒருத்தர் செஞ்சாங்க. அவங்க பேர் எந்தப் பென்ஷன் புத்தகத்திலும் இல்லை. நாளைக்கு இங்க ஒரு திட்டம் எழுதினா, முதல் வரியில் அவங்க இருக்கணும்.