அரிய பறவையிலிருந்து முழுப் பட்டியலுக்கு: இந்தியப் பறவைப் பதிவுகளின் வளர்ச்சி

முன்னுரை

இந்தியாவில் பறவைகளைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் பழக்கத்துக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. எது பயனுள்ள பதிவு என்னும் கணிப்பு மட்டும் காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. ஒரு காலத்தில் சுட்டு வீழ்த்திப் பாடம் செய்த உடல்தான் சான்று. பிறகு வலசை வந்த தேதியும், நீர்நிலையில் எண்ணிய தொகையும் சான்றாயின. இன்று எங்கே, எவ்வளவு நேரம் பார்த்தோம் என்ற விவரத்தோடு கூடிய முழுப் பட்டியல் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது. பறவையோடு அதைத் தேடிய முயற்சியையும் சேர்த்து எழுதத் தொடங்கியபோதுதான் தனி மனிதரின் குறிப்பேடு அறிவியல் தரவாக மாறியது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

1. மாதிரிகளின் காலம்

ஆங்கில ஆட்சிக் காலத்தில் பறவைப் பதிவுகளை முறையாகத் திரட்டியவர்களில் முதன்மையானவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். 1872இல் அவர் தொடங்கிய 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' இதழுக்கு, பல பகுதிகளில் பணியாற்றிய அலுவலர்களும் ராணுவத்தினரும் குறிப்புகள் அனுப்பினர். 1885இல் அவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வழங்கிய சேகரிப்பில் 80,000க்கும் மேற்பட்ட மாதிரிகள் இருந்தன. 1883இல் உருவான பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இப்பணியைத் தொடர்ந்தது. 1930களில் சாலிம் அலி ஐதராபாத்திலும், பின்னர் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளிலும் நடத்திய கள ஆய்வுகள் இந்த மரபின் உச்சம் எனலாம்.

எந்தப் பறவை எங்கே வாழ்கிறது என்ற கேள்விக்கு இம்மாதிரிகள் விடை தந்தன. ஒரு பறவை பெருகுகிறதா, அருகுகிறதா என்பதை அவற்றைக் கொண்டு சொல்ல முடியாது. சேகரிப்பவர் அரிய இனத்தைத் தேடித் தேடி எடுப்பார். காகத்துக்கு ஓரிரு மாதிரிகளே போதும் என்று விடுவார். ஆகவே பெட்டிக்குள் இருக்கும் எண்ணிக்கைக்கும் வெளியே பறக்கும் எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை.

2. தேதியும் தொகையும்

பொதுமக்களைக் கொண்டு உயிருள்ள பறவைகளைப் பதிவு செய்யும் முறை அமெரிக்காவில் வேகமாக வளர்ந்தது. 1881இல் வெல்ஸ் குக் வலசைப் பறவைகளின் வருகைத் தேதிகளைத் தன்னார்வலர்களிடமிருந்து திரட்டத் தொடங்கினார். கிறிஸ்துமஸ் நாளில் வேட்டையாடும் வழக்கத்துக்கு மாற்றாக, 1900இல் ஃபிராங்க் சாப்மன் பறவைக் கணக்கெடுப்பை முன்வைத்தார். முதல் ஆண்டில் 27 பேர் 25 இடங்களில் எண்ணினர். கலந்துகொண்ட குழுக்கள் களத்தில் செலவிட்ட நேரத்தையும் பதிவு செய்யும் முறை அக்கணக்கெடுப்பில் நிலைபெற்றது. முயற்சியை அளக்கும் சிந்தனை இங்கே வேர்விட்டது.

இந்தியாவில் ஜாஃபர் ஃபதேஅலி நடத்திய பறவை நோக்குவோர் செய்திமடல் சிதறிக் கிடந்த ஆர்வலர்களை இணைத்தது. 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, ஆண்டுதோறும் ஜனவரியில் ஏரிகளையும் உப்பங்கழிகளையும் தன்னார்வலர்கள் எண்ணும் வழக்கத்தை நிலைநாட்டியது. 2007இல் 'மைக்ரன்ட்வாட்ச்' திட்டம் குளிர்கால வலசைப் பறவைகளின் வருகையை இணையம் வழியே திரட்டியது.

இவை பெரும் முன்னேற்றங்கள். ஆயினும் முதல் வருகைத் தேதியில் ஒரு சிக்கல் உண்டு. ஓர் ஊரில் ஒருவர் மட்டும் பார்க்கும்போது சாம்பல் வாலாட்டி செப்டம்பர் இறுதியில் தட்டுப்படலாம். நூறு பேர் பார்க்கும்போது அதே பறவை மாதத் தொடக்கத்திலேயே யார் கண்ணிலாவது பட்டுவிடும். பறவை முந்தி வந்ததா, பார்ப்பவர்கள் பெருகினார்களா என்பதைத் தேதியை மட்டும் வைத்துப் பிரித்தறிய இயலாது.

3. முழுப் பட்டியல் என்னும் திருப்பம்

இச்சிக்கலுக்கு வழி காட்டியது, கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் அமைப்பும் 2002இல் தொடங்கிய 'இ-பேர்ட்' தரவுத்தளம். 2010இல் அது உலகம் முழுவதற்கும் விரிந்தது. இந்தியாவில் 'பேர்ட் கவுண்ட் இந்தியா' கூட்டமைப்பு அதைப் பரவலாக்கியது. இடம், தொடங்கிய நேரம், கால அளவு, நடந்த தூரம் ஆகியவற்றோடு, அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பட்டியலில் சேர்த்தீர்களா என்றும் அது கேட்கிறது.

ஓர் ஏரிக்கரைப் பட்டியலை எண்ணிப் பார்க்கலாம்: காலை 6.30 மணி, 20 நிமிடம், 600 மீட்டர் நடை. மடையான் 4, நத்தைகுத்தி நாரை 3, கரிச்சான் 2, மைனா 6, காகம் 9. மேலே சொன்ன கேள்விக்கு ஆம் என்று பதிலளித்தால், அந்த 20 நிமிடத்தில் பனங்காடை தென்படவில்லை என்பதும் பதிவாகிவிடுகிறது. இப்படிப்பட்ட 100 பட்டியல்களில் ஒரு காலத்தில் 40இல் பனங்காடை இருந்து, பிற்காலத்தில் 25இல் மட்டுமே இருந்தால், அது குறைகிறது என்று கருத இடமுண்டு. பார்ப்பவர்கள் பத்து மடங்கு பெருகினாலும் விகிதம் ஒப்பிடத்தக்கதாகவே நிற்கும்.

4. பதிவுகள் தந்த பயன்

இவ்வடிப்படையில் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 2020இல் 867 இனங்களை மதிப்பிட்டது. 2023 அறிக்கை சுமார் 30,000 பறவை ஆர்வலர்களின் 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டு, 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்று அறிவித்தது. மயிலும் குயிலும் பெருகியிருப்பதும், எங்கும் காணலாம் என்று நாம் நம்பியிருந்த பனங்காடை அருகி வருவதும் தெரியவந்தன. சிட்டுக்குருவி பெருநகரங்களில் குறைந்தாலும் நாடு முழுவதுமாகப் பார்க்கையில் நிலையாக இருக்கிறது என்று 2020 அறிக்கை காட்டியது.

நீண்டகாலப் போக்கைக் கணக்கிட 2000ஆம் ஆண்டுக்கு முந்தைய பதிவுகளே அடித்தளம். மூத்த ஆர்வலர்கள் பழைய நோட்டுப் புத்தகங்களைப் புரட்டி, தேதியும் இடமும் தெளிவாக இருந்த பட்டியல்களைத் தரவுத்தளத்தில் ஏற்றியிருக்காவிட்டால் இந்த ஒப்பீடு நடந்திருக்காது. 2015 முதல் 2020 வரை தன்னார்வலர்கள் உருவாக்கிய கேரளப் பறவை வரைபடத் தொகுப்பும், தமிழகத்தில் 2015இல் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் இந்த மரபை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் சென்றன.

5. இன்று பயனுள்ள பதிவு எது?

வரலாறு தரும் விடை தெளிவானது. ஒரு முழு நாள் பயணத்தை ஒரே பட்டியலாக்குவதைவிட, ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியே சிறு பட்டியல் இடுவது நல்லது. காகத்தையும் மைனாவையும் விட்டுவிடக் கூடாது. எண்ணிக்கையைத் தோராயமாகவேனும் குறிக்க வேண்டும். பொரி உள்ளானா, பச்சைக்கால் உள்ளானா என ஐயம் எழுந்தால் உள்ளான் என்ற அளவில் நிறுத்துவதே நேர்மை. அரிய இனமாயின் ஒளிப்படமோ விளக்கமோ இணைத்தால், தரவைச் சரிபார்க்கும் தன்னார்வலரின் வேலை எளிதாகும். கூட்டின் இடத்தைப் பொதுவில் வெளியிடாதிருப்பது பறவைக்கு நாம் செய்யும் கடமை.

குறைகளும் உள்ளன. சரணாலயங்களிலும் நகரங்களை ஒட்டிய ஏரிகளிலும் பட்டியல்கள் குவிகின்றன; மானாவாரி நிலங்களும் தரிசுகளும் முள்காடுகளும் போதிய கவனம் பெறவில்லை. விடுமுறை நாட்களில் பதிவுகள் மிகுந்து, கோடையில் மெலிகின்றன.

முடிவுரை

மாதிரியிலிருந்து பட்டியலுக்கு வந்த இப்பயணத்தில், அபூர்வத்தைத் தேடும் ஆவல் குறையவில்லை. அன்றாடப் பறவைகளுக்கும் அதே மதிப்பு சேர்ந்திருக்கிறது. பனங்காடையின் வீழ்ச்சியை உணர்த்தியவை, அது வெகு சாதாரணமாக இருந்த காலத்தில் எழுதிவைத்த பட்டியல்களே. அவ்வாறே இன்று மலிந்திருக்கும் பறவைகளின் நாளைய நிலையை அளக்க இன்றைய பட்டியல்கள்தாம் அளவுகோலாகும். எனவே தம் தெருவையோ வயலையோ மாதந்தோறும் 15 நிமிடம் பார்த்து முழுப் பட்டியல் இடும் ஒருவர், அரிய பறவையைத் தேடி நெடுந்தொலைவு செல்பவருக்கு நிகரான அறிவியல் பணியைச் செய்கிறார். பதிவுகள் மெலிந்த சிற்றூர்களிலிருந்து அத்தகைய பட்டியல்கள் வரத் தொடங்குவதே இத்துறையின் அடுத்த தேவை.