சீறொலி தணித்தல்

ச, ஷ, ஸ முதலிய உரசொலிகளை உச்சரிக்கையில் பல்லிடுக்கின் வழியே பாயும் மூச்சு எழுப்பும் கூரிய ஓசை, ஒலிப்பதிவில் இயற்கைக்கு மேற்பட்ட உக்கிரத்துடன் செவியைத் தாக்குமாறு அமைந்துவிடின், அது சீறொலி எனப்படும். அதன் சக்தி பெரும்பாலும் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையில் திரண்டு நிற்பது, பெண் குரலில் இன்னும் சற்று உயர்வது. ஸ்ரீநிவாசன், சேஷாசலம், வேங்கடேசன் என்று திருமலையின் திருநாமங்களிலேயே இவ்வொலிகள் நிறைந்திருப்பதால், 1963-ல் எம். எஸ். சுப்புலட்சுமியின் குரலில் இசைத்தட்டாக வெளிவந்த ஸ்ரீ வேங்கடேச சுப்ரபாதத்தையோ அன்னமய்யாவின் கீர்த்தனங்களையோ தம் வீட்டு அறையில் பாடிப் பதிவு செய்ய முற்படும் திருப்பதி, சித்தூர் வாசிகளுக்கு இத்தோஷம் விசேஷத் தொல்லையாகும்.

பரிகாரம் மைக்கின் ஸ்தானத்தில் தொடங்குகிறது. கண்டென்சர் மைக்குகளிற் பல உயர்ந்த அதிர்வெண்களை மிகைப்படுத்தும் இயல்புடையவை. ஆதலால் மைக்கை வாய்க்கு நேர் எதிரே நிறுத்தாது, ஏறத்தாழ ஒரு சாண் தொலைவில், மூக்கின் மட்டத்திலோ மோவாயின் மட்டத்திலோ சற்றே ஒதுக்கிச் சாய்த்து வைப்பின், சீற்றத்தின் பெரும்பகுதி அங்கேயே கழிந்துபோம். பலர் நம்பி வாங்கும் பாப் ஃபில்டர், பகரம் முதலிய வெடிப்பொலிகளின் காற்றைத் தடுக்குமேயன்றி, இதற்கு அதிகம் உதவாது. அறையின் வெற்றுச் சுவர்களில் பட்டு இவ்வோசை மீளாதிருக்க, அவற்றில் ஜமக்காளம் தொங்கவிடுதல் ஓரளவு நலம்.

எஞ்சியதைக் கணினியில் டி-எஸ்ஸர் என்னும் மென்பொருட் கருவி கவனிக்கும். சீறொலி வரம்பு மீறும் கணங்களில் மட்டும் அவ்வதிர்வெண் பகுதியை அமுக்குவது அதன் காரியம். அளவு மிஞ்சினாலோ, பாடுபவர் நாக்குழறுபவர்போல் தோன்றுவார். சுப்ரபாதத்தில் அது அபசாரம் என்றே சொல்ல வேண்டும். செயற்கை எதிரொலியைச் சேர்ப்பதற்கு முன்னரே இதனை முடித்துவிடுதல் உசிதம், ஏனெனில் எதிரொலி சீற்றத்தை நீட்டித்துக் காட்டும்.