அலையின் உயரம் சொன்ன ஒலிபெருக்கி

காரைக்காலின் தென்பகுதியில், திருமலைராயன்பட்டினத்தை ஒட்டியிருக்கும் போலகத்தில் இன்று இணையம் சட்டைப்பையில் இருக்கிறது. இதே புதுச்சேரி ஆட்சிப்பரப்பில் அது முதலில் கூம்பு ஒலிபெருக்கி வழியாகத்தான் கடற்கரைக்கு வந்தது.

1998-இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியை அடுத்த வில்லியனூரை மையமாக வைத்துத் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு வேண்டியதெல்லாம் அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்தில் அது கிடைத்தது. கணினியில் இறக்கி, தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். போர்க்கப்பல்களுக்கான கணக்கு, கட்டுமரக்காரருக்கும் உதவியது!

2004 டிசம்பர் 26. சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாடு இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தி அறிந்து ஊருக்குத் தொலைபேசியில் அழைத்தார். அங்கிருந்த இதே திட்டத்தின் தகவல் மைய ஒலிபெருக்கி அலறியது; ஊர் கரையைவிட்டு ஓடிப் பிழைத்தது. காரைக்கால் கரைக்கு அப்படி ஒரு குரல் வரவில்லை. அங்கே நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள்.

ஒலிபெருக்கியில் வாசிப்பவரை ஊருக்குத் தெரியும். தப்பாகச் சொன்னால் மறுநாள் கேட்கலாம். கைபேசியில் வந்து விழும் செய்திக்கு முகம் ஏது? 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய புரளியால், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பத்தைக் கும்பல் அடித்தது. மூதாட்டி ஒருவர் இறந்தார். அந்தக் குடும்பம் செய்ததெல்லாம், வழியில் ஒரு குழந்தைக்கு மிட்டாய் கொடுத்ததுதான்.

அதே ஆண்டு ஜூலையில், வந்த செய்தியை ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.